ரெண்டு நாள் சிட்டி ட்ரிப், ஒரு ஒயின் டேஸ்டிங், ஒரு நல்ல லஞ்ச்: வெயில் காலத்துல எப்படி பிளான் பண்றது

வெயில் காலம் ஆரம்பிச்சா போதும், ஒயின் டேஸ்டிங் ஆஃபர், ரெஸ்டாரண்ட் டீல், ரெண்டு நாள் சிட்டி பேக்கேஜ்னு வரிசையா வர ஆரம்பிச்சிடும், பாக்கறப்போ எல்லாத்தையும் ஒரே வீக்கெண்ட்ல அடைச்சிடலாம்னு தான் தோணும். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஒரே நாள்ல நாலு டேஸ்டிங், ராத்திரி ஒம்பது மணிக்கு ஏழு கோர்ஸ் டின்னர். மூணாவது எடத்துல என்ன குடிச்சோம்னு அன்னிக்கு சாயங்காலமே ஞாபகம் இல்ல, டின்னர்ல நாலாவது தட்டு வர்றதுக்குள்ள வெயிலும் ஒயினும் சேர்ந்து தலைவலி, ஆசையா புக் பண்ண சாப்பாட்டுல பாதிக்கு மேல திருப்பி அனுப்பினோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கு, ஏன்னா அந்த கிச்சன்ல நிஜமாவே நல்லா சமைச்சிருந்தாங்க.

அதுக்கப்பறம் எந்த ஊருக்கு போனாலும் ஒரே கணக்கு தான். காலைல பதினொரு மணிக்கு டேஸ்டிங், ஒரு மணிக்கு அன்னியோட பெரிய சாப்பாடு, ரெண்டரைல இருந்து அஞ்சு வரைக்கும் வெயில் கொளுத்தற நேரத்துல ரூம்ல தூக்கம், வெயில் தாழ்ந்ததும் ஊர சுத்தி நடை, ராத்திரி லேசா ஏதாவது. ஒரு நாளைக்கு ஒரு டேஸ்டிங், ஒரு பெரிய சாப்பாடு, அதுக்கு மேல எதுவும் கிடையாது. கேக்க கம்மியா தெரியும், ஆனா செலவு குறையறதும் இதுல தான், நாக்குக்கு ருசி தெரியறதும் இதுல தான். ஏன்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

முதல்ல காலை நேரம். ஒயின் தொழில்ல இருக்கறவங்க முக்கியமான டேஸ்டிங்க மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி தான் வச்சுக்குவாங்க, அப்ப தான் மூக்கும் நாக்கும் தெளிவா இருக்கும். நமக்கு இன்னொரு லாபமும் இருக்கு, காலைல கூட்டம் இருக்காது, ஊத்தறவங்களுக்கு பேச நேரம் இருக்கும், சாயங்காலம் அதே ஆள் பத்து பேருக்கு ஓடிக்கிட்டு இருப்பாரு. ஆனா வெறும் வயித்தோட போகாதீங்க, ரொட்டி முட்டை மாதிரி ஏதாவது கனமா சாப்பிட்டுட்டு போங்க. பல்லு தேச்சு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கணும், டூத்பேஸ்ட்ல நுரைக்காக போடற சோடியம் லாரில் சல்ஃபேட் இனிப்ப மறைச்சு கசப்ப தூக்கி காட்டும், அந்த நாக்கோட ஒயின குடிச்சுட்டு இது நல்லா இல்லன்னு சொல்றது அந்த ஒயினுக்கு செய்யற அநியாயம். சென்ட், ஆஃப்டர் ஷேவ் வேணாம். சன்ஸ்கிரீன் கண்டிப்பா வேணும், ஆனா வாசனை இல்லாததா பாத்து கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க, பக்கத்துல நிக்கறவங்க மூக்குக்கும் இது மரியாதை.

ஒரு நாளைக்கு ஒண்ணு தான்னு நான் பிடிவாதமா சொல்றதுக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு. ஒரு டேஸ்டிங்ல வழக்கமா அஞ்சு ஆறு ஒயின் குடுப்பாங்க, ஒவ்வொண்ணும் 30ல இருந்து 60 மில்லி வரைக்கும். 50 மில்லின்னு வச்சுக்கிட்டா ஆறுக்கு 300 மில்லி. ரெஸ்டாரண்ட்ல ஒரு கிளாஸ்ங்கறது சுமார் 150 மில்லி, அப்போ சும்மா ருசி பாத்தோம்னு நினைக்கறது ரெண்டு முழு கிளாஸ், 750 மில்லி பாட்டில்ல அஞ்சுல ரெண்டு பங்கு. 13 சதவீத ஒயின்னா அதுல சுத்தமான ஆல்கஹால் 39 மில்லி, இத உடம்பு கரைச்சு முடிக்க மூணு நாலு மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். இதோட ரெண்டாவது டேஸ்டிங்கும் போனா நாலு கிளாஸ், வெயில்ல, லஞ்சுக்கு முன்னாடியே. அதனால தான் டேஸ்டிங் ரூம்ல துப்பறதுக்குன்னே ஒரு பாத்திரம் வச்சிருக்காங்க, அத யூஸ் பண்ண வெக்கப்படாதீங்க, தொழில் தெரிஞ்சவங்க எல்லாரும் துப்பத்தான் செய்வாங்க. வீட்டுல வாஷ் பேசின்ல தண்ணி வச்சு நாலு தடவை பழகிட்டு போனா சட்டைல தெறிக்காது.

துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகும், அதனால வண்டி ஓட்டப்போறவங்க இந்த ஆட்டத்துல இருக்கவே கூடாது. கொஞ்சமா தானே, துப்பிட்டேனேன்னு சொல்லிட்டு சாவிய எடுக்கறவங்கள பாத்திருக்கேன், மனசு பதறும். ட்ரெயின், ட்ராம், டாக்சி, இல்லன்னா குடிக்காத ஒருத்தர், இதுல எதுன்னு டேஸ்டிங் புக் பண்றப்பவே முடிவு பண்ணிடுங்க. கூட வர்றவங்கள்ல குடிக்காதவங்க இருந்தா அவங்களுக்கு என்ன இருக்குன்னு முன்னாடியே கேளுங்க, இப்ப நிறைய எடத்துல ஆல்கஹால் இல்லாத ஒயினோ திராட்சை ஜூஸோ வச்சு தனி டேஸ்டிங்கே பண்றாங்க. குடிக்கறதுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல தெளிவாவே சொல்லியிருக்கு, அதனால யாரையும் ஒரு வாய் குடிச்சு பாருன்னு வற்புறுத்தாதீங்க. குடிக்கறவங்க ஒவ்வொரு ஒயினுக்கும் அதே அளவாவது தண்ணி குடிங்க, வெயில்ல உடம்பு ஏற்கனவே தண்ணிய இழந்துக்கிட்டு தான் இருக்கும்.

சரி, கிளாஸ் கைக்கு வந்தாச்சு, இப்ப என்ன பண்ணணும். கிண்ணம் மாதிரி இருக்கற மேல் பகுதிய பிடிக்காம கீழ இருக்கற தண்ட பிடிங்க, கைச்சூடு ஒயினுக்கு ஏறக்கூடாது. வெள்ளை பேப்பர் மேல சாய்ச்சு கலர பாருங்க. ஆட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாருங்க, அப்பறம் சுழட்டிட்டு இன்னொரு தடவை, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும், ஏன்னா சுழட்டறப்போ ஒயின் காத்தோட கலந்து வாசனை மேல எழும்பும். கிளாஸ் ஓரத்துல கோடு கோடா வழியும், அத வச்சு உசந்த ஒயின்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு. ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகறதால ஏற்படற பரப்பு இழுவிசை வித்தியாசத்துல வர்ற கோடு அது, 1855லயே ஜேம்ஸ் தாம்சன்ங்கற விஞ்ஞானி காரணத்த சொல்லிட்டாரு. ஆல்கஹால் எவ்ளோ இருக்குன்னு வேணா அதுல லேசா தெரியும், தரம் தெரியாது.

வாய்ல ஒரு நல்ல மடக்கு எடுத்து உடனே முழுங்காம வாய் முழுக்க புரட்டுங்க, உதட்ட லேசா திறந்து கொஞ்சம் காத்த உள்ள இழுங்க, சத்தம் வரும், பரவால்ல. ருசின்னு நம்ம சொல்றதுல பெரும்பங்கு வாசனை தான், அது வாயோட பின்பக்கமா மூக்குக்கு ஏறும், ஜலதோஷம் பிடிச்சா சாப்பாடு சப்புன்னு இருக்கறது அதனால தான். புளிப்பு எவ்ளோன்னு தெரியணும்னா முழுங்கினதும் ரெண்டு கன்னத்துலயும் எச்சில் ஊறுதான்னு பாருங்க. ஈறும் நாக்கும் வரண்டு இழுத்து பிடிக்குதா, பால் இல்லாம ரொம்ப நேரம் ஊறவச்ச டீ குடிச்சா வருமே அந்த மாதிரி, அது டானின், திராட்சை தோல்ல இருந்தும் விதைல இருந்தும் வர்றது, சிவப்பு ஒயின்ல தான் நல்லா தெரியும். தொண்டைல சூடு தெரிஞ்சா ஆல்கஹால் ஜாஸ்தி. முழுங்கினப்பறம் ருசி எத்தன நொடி நிக்குதுன்னு மனசுக்குள்ள எண்ணுங்க, பத்து நொடிக்கு மேல நல்ல ருசியா நின்னுச்சுன்னா சொல்லிக்கற மாதிரி ஒயின். இந்த நாலையும் கவனிச்சாலே போதும், செர்ரி வாசனை, வயலட் பூ வாசனைன்னு கார்டுல எழுதியிருக்கறது நமக்கு தெரியலன்னா ஒண்ணும் தப்பில்ல. சோவின்யோன் பிளாங்க்ங்கற வெள்ளை ஒயின்ல கொய்யா வாசனையும் கெவுர்ஸ்ட்ரமினர்ங்கற இன்னொரு வெள்ளை ஒயின்ல லிச்சி வாசனையும் நிறைய பேருக்கு சுலபமா பிடிபடும், அதுல இருந்து ஆரம்பிங்க.

லேபிள பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை எழுதிடுங்க, இது ரொம்ப முக்கியம். 2001ல வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, ஃபிரான்ஸ்ல போர்தோங்கற ஊர்ல ஒயின் பத்தி படிக்கற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயின்ல வாசனை இல்லாத சிவப்பு சாயத்த கலந்து குடுத்தாங்க, அவங்க எல்லாம் சிவப்பு ஒயினுக்கு சொல்ற வார்த்தைகளயே எழுதினாங்க. படிச்சவங்களையே கண்ணு அப்படி இழுக்குதுன்னா பேரும் விலையும் நம்மள எவ்ளோ இழுக்கும். 1976 மே 24ஆம் தேதி பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர் நடத்தின டேஸ்டிங்ல லேபிள மறைச்சு ஊத்தினப்போ, பிரெஞ்சு நடுவர்களே வெள்ளைலயும் சிவப்புலயும் கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் குடுத்தாங்க, அது வரைக்கும் யாரும் நினைச்சுக்கூட பாத்ததில்ல. நமக்கு எது பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கற ஒரே எடம் டேஸ்டிங் தான், அத பேருக்காக விட்டுக்குடுக்காதீங்க.

வரிசை பொதுவா அவங்களே சரியா வச்சிருப்பாங்க, நுரைக்கற ஒயின், வெள்ளை, ரோஸேங்கற இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசில இனிப்பு. வெயில் காலத்துல பிரச்சனை வர்றது டெம்பரேச்சர்ல தான். நுரைக்கற ஒயின் 6ல இருந்து 10 டிகிரி, லேசான வெள்ளை 7ல இருந்து 10, கனமான வெள்ளை 10ல இருந்து 13, லேசான சிவப்பு 13 கிட்ட, கனமான சிவப்பு 15ல இருந்து 18. சிவப்ப ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது ஹீட்டர் இல்லாத காலத்து குளிர்ந்த வீடுகள வச்சு வந்த பேச்சு, 30 டிகிரி மொட்டை மாடில அத அப்படியே எடுத்துக்கக்கூடாது, சூடான சிவப்பு ஒயின்ல ஆல்கஹால் மட்டும் தான் மூக்குல ஏறும். தயங்காம சிவப்பு பாட்டிலயும் பத்து பதினஞ்சு நிமிஷம் ஐஸ் பக்கெட்ல வைக்க சொல்லுங்க. பக்கெட்ல வெறும் ஐஸ் இருந்தா பத்தாது, பாதி தண்ணியும் இருக்கணும், அப்ப தான் பாட்டில் முழுக்க குளிர்ச்சி தொடும். இன்னொண்ணு, ஈரமான அட்டைப்பெட்டி வாசனை, நனைஞ்ச பழைய பேப்பர் வாசனை வந்தா அது கார்க்குல வர்ற டிசிஏங்கற கெமிக்கல், உடம்புக்கு கெடுதல் இல்ல, ஆனா ஒயின் கெட்டுடுச்சு, வேற பாட்டில் கேளுங்க. ரெஸ்டாரண்ட்ல முதல்ல கொஞ்சம் ஊத்தி நம்மள குடிச்சு பாக்க சொல்றதே இதுக்குத்தான், பிடிச்சிருக்கா இல்லையான்னு கேக்கறதுக்கு இல்ல.

டேஸ்டிங் புக் பண்றப்போ கேக்கவேண்டியது கொஞ்சம் இருக்கு. எத்தன ஒயின், எவ்ளோ ஊத்துவாங்க, சாப்பிட ஏதாவது குடுப்பாங்களா, எத்தன பேர் இருப்பாங்க, பாட்டில் வாங்கினா டேஸ்டிங் கட்டணத்த கழிச்சுக்குவாங்களா. கடைசி கேள்விய நிறைய பேர் கேக்கறதே இல்ல, ஒயின் தயாரிக்கற பல எடத்துல பாட்டில் வாங்கினா கட்டணத்த தள்ளுபடி பண்ணுவாங்க. நிலவறைய சுத்தி காட்டறதும் சேர்த்துன்னா ஒரு மெல்லிய ஷால் எடுத்துட்டு போங்க, உள்ள 12, 14 டிகிரி தான் இருக்கும், வெளில வேர்த்த உடம்போட அப்படியே போய் நின்னா நடுங்கிடும். கூட்டமான ஒயின் திருவிழான்னா கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்துல போயிடுங்க, பத்து ஸ்டால்ல ஒவ்வொரு வாய் குடிக்கறத விட ஒரே வகை திராட்சைய நாலு ஸ்டால்ல குடிச்சு பாருங்க, அப்ப தான் வித்தியாசம் மனசுல நிக்கும்.

கார் இல்லாமலே ஊருக்குள்ள இருந்து ஒயின் கிட்ட போகற மாதிரி சிட்டிய தேர்ந்தெடுத்தா பாதி தலைவலி தீர்ந்துச்சு. வியன்னால ஊர் எல்லைக்குள்ளயே திராட்சை தோட்டம் இருக்கு, டி லைன் ட்ராம் ஏறினா நுஸ்டார்ஃப் வரைக்கும் போகும், 1784ல பேரரசர் ரெண்டாம் ஜோசப் விவசாயிங்க சொந்த ஒயின அவங்க எடத்துலயே விக்கலாம்னு அனுமதி குடுத்ததுல இருந்து ஹொய்ரிகர்ங்கற எளிமையான ஒயின் கடைங்க அங்க இருக்கு. போர்ச்சுகல்ல இருக்கற போர்ட்டோல 1886ல திறந்த லூயிஸ் பாலத்துல நடந்து ஆத்த தாண்டினா எதிர்கரைல கையா, போர்ட் ஒயின் நிலவறைங்க எல்லாம் வரிசையா அங்க தான், ஆனா போர்ட்ல ஆல்கஹால் கிட்டத்தட்ட 20 சதவீதம், மேல சொன்ன கணக்க அங்க இன்னும் கண்டிப்பா பாத்துக்கோங்க. போர்தோல 2016ல திறந்த ஒயின் மியூசியத்துக்கு ட்ராம்லயே போகலாம், ஊரோட ரயில் ஸ்டேஷன்ல இருந்து சான்ட் எமிலியோன்ங்கற ஒயின் ஊருக்கு ட்ரெயின்ல முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். கேப் டவுன்ல கான்ஸ்டான்ஷியா ஊருக்கு பக்கத்துலயே இருக்கு, 1685ல ஆரம்பிச்ச பண்ணை, ஆனா அங்க வெயில் காலம் டிசம்பர்ல இருந்து பிப்ரவரிங்கறத மறக்காதீங்க. வட பாதி உலகத்துல ஆகஸ்ட் கடைசில இருந்து அக்டோபர் வரைக்கும், தென் பாதில பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் அறுவடை, அந்த சமயத்துல பாக்க அழகா இருக்கும், ஆனா சின்ன பண்ணைல நம்மகிட்ட பேச ஆள் இருக்காது, முன்னாடியே கேட்டுக்கிட்டு தான் போகணும்.

இப்ப சாப்பாடு. ஏன் மதியம்னா, கிச்சன் அதே, சமையல்காரர் அதே, தட்டு அதே, விலை மட்டும் கம்மி. வாடகையும் சம்பளமும் மேஜை நிரம்பினாலும் காலியா இருந்தாலும் குடுத்தே ஆகணும், காலியா போன மேஜைய நாளைக்கு எடுத்து விக்க முடியாது, அதனால ஆள் வராத நேரத்துக்கு விலைய குறைச்சு ரெண்டு மூணு கோர்ஸ் செட் மெனு போடறாங்க. ராத்திரி நம்மால எட்டவே முடியாத ரெஸ்டாரண்ட் மதியம் எட்டற தூரத்துல இருக்கும். நான் பாத்த வரைக்கும் எல்லா டீல்லயும் ஏமாத்து இல்லாத டீல் இந்த வார நாள் செட் லஞ்ச் தான். வெள்ளிக்கிழமை லீவு போட முடிஞ்சா போடுங்க, சனிக்கிழமை மதியம் நிறைய எடத்துல அது கிடையாது.

ரெஸ்டாரண்ட் வீக்னு ஒண்ணு இப்ப ஊர் ஊருக்கு நடக்குது. 1992 ஜூலைல நியூயார்க்ல ஒரு பெரிய கட்சி மாநாட்டுக்கு வந்தவங்களுக்காக ரெஸ்டாரண்ட் கைடு போட்ட டிம் ஸகட்டும் ரெஸ்டாரண்ட் நடத்தின ஜோ பாமும் ஆரம்பிச்சாங்க, லஞ்ச் விலையவே அந்த வருஷத்த குறிக்கற எண்ணா வச்சாங்க, அது பிடிச்சுப்போய் மத்த ஊர்லயும் பரவுச்சு. ஆள் குறையற மாசத்துல தான் பெரும்பாலும் வைப்பாங்க. இதுல ரெண்டு வகை ரெஸ்டாரண்ட் இருக்கும். ஒண்ணு தன்னோட நல்ல ஐட்டத்தயே சின்ன அளவுல குடுத்து மறுபடி வர வைக்கணும்னு நினைக்கறது, இன்னொண்ணு மலிவா முடியற நாலு ஐட்டத்த புதுசா சமைச்சு தள்ளிவிடறது. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, டீல் மெனுவ ஒரு பக்கம், வழக்கமான மெனுவ இன்னொரு பக்கம் வச்சு பாருங்க, டீல்ல இருக்கறதுல குறைஞ்சது ரெண்டு ஐட்டம் வழக்கமான மெனுலயும் இருந்தா போகலாம், ஒண்ணுமே இல்லன்னா விட்டுடுங்க. அதே மாதிரி டீல் இல்லாம நம்ம சாதாரணமா என்ன ஆர்டர் பண்ணுவோமோ அத கூட்டி பாருங்க, ஒரு மெயினும் ஒரு கிளாஸும் போதும்னு சாப்பிடறவங்களுக்கு மூணு கோர்ஸ் டீல் லாபமே கிடையாது.

பில்லு ஏறற எடம் எல்லாம் சின்ன எழுத்துல இருக்கும். இந்த ஐட்டத்துக்கு மட்டும் கூடுதல்னு போட்டிருக்கும், டேக்ஸ் தனி, சர்வீஸ் சார்ஜ் தனி, தண்ணி பாட்டில் தனி, ரொட்டிக்கு தனி. மேஜைல இருக்கற எல்லாரும் அதே மெனு எடுக்கணும்னு சில எடம், ஒன்றரை மணி நேரத்துல எந்திரிக்கணும்னு சில எடம். ஒரு தடவை ஒரு வவுச்சர் முன்பணம் கட்டி வாங்கினோம், படத்துல ஒவ்வொரு தட்டு பக்கத்துலயும் கிளாஸ், போய் உக்காந்தப்பறம் தான் ஒயின் பேரிங், அதாவது ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமா ஊத்தற ஒயின், அதுல சேராதுன்னு சொன்னாங்க, எல்லாமா சேர்த்து வந்த பில்லு வவுச்சர் இல்லாம போயிருந்தா வந்திருக்கறதவிட ஜாஸ்தி. அதுல இருந்து முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டு நாலே கேள்வி கேக்கறேன்: இந்த தேதிக்கு செல்லுமா, ஒயின் சேருமா, டேக்ஸும் சர்வீஸும் சேருமா, வர முடியலன்னா பணம் திரும்ப வருமா. எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. வர முடியலன்னா கண்டிப்பா கேன்சல் பண்ணுங்க, சொல்லாம விட்டா நிறைய எடத்துல கார்டுல பணம் பிடிச்சிடுவாங்க, அதுக்கு மேல சின்ன ரெஸ்டாரண்ட்டுக்கு ரெண்டு மேஜை காலியா போனா அன்னியோட லாபமே போச்சு.

ஒயின் தான் பில்லுல பாதிய தின்னும். கடைல விக்கறத விட ரெண்டு மூணு மடங்கு வைக்கறது ரெஸ்டாரண்ட்ல சாதாரணம், கிளாஸா வாங்கினா மடங்கு இன்னும் ஜாஸ்தி, பல எடத்துல முதல் கிளாஸ்லயே பாட்டில் வாங்கின காசு வந்துடும். அதனால நாலு பேர் இருந்தா பாட்டில் தான் சரி. சொந்த பாட்டில கொண்டு வர விடற எடமா இருந்தா திறக்கறதுக்கு எவ்ளோன்னு கேளுங்க, காலைல டேஸ்டிங்ல பிடிச்சு வாங்கினதயே மதியம் அங்க திறக்கலாம், இது மாதிரி சந்தோஷம் வேற இல்ல. பேரிங்ல பாதி அளவு ஊத்த சொன்னா பல எடத்துல பாதி விலைக்கு குடுப்பாங்க, கேட்டா தான். ஒயின் எடுத்து குடுக்கறவர்கிட்ட லிஸ்ட்ல ஒரு விலைய விரலால காட்டி இந்த அளவுக்குள்ள, புளிப்பா லேசா வேணும்னு சொல்லுங்க, யார் முன்னாடியும் விலைய வாய்விட்டு சொல்லவேண்டியதில்ல, அவருக்கும் வேலை சுலபம். எத எதோட சாப்பிடறதுன்னு குழம்பவும் வேணாம், எண்ணெய்ல பொரிச்சதுக்கும் மீனுக்கும் புளிப்பான வெள்ளையோ நுரைக்கறதோ, கொழுப்பான கறிக்கு டானின் இருக்கற சிவப்பு, காரத்துக்கு ஆல்கஹால் கம்மியா லேசா இனிப்பு இருக்கறது, ஏன்னா ஆல்கஹாலும் டானினும் காரத்த இன்னும் எரிய வைக்கும்.

புக் பண்ற வரிசைல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, முதல்ல ஹோட்டல போட்டுடுவாங்க. ஹோட்டல் எப்பவும் கிடைக்கும், நல்ல ரெஸ்டாரண்ட்ல மேஜை கிடைக்காது. பயண டிக்கெட் விலை எந்த தேதில தாங்கறதுன்னு மட்டும் பாத்துட்டு, முதல்ல லஞ்ச் மேஜை, ரெண்டாவது டேஸ்டிங், மூணாவது டிக்கெட், கடைசில ரூம். சில ரெஸ்டாரண்ட் 30 நாள், 60 நாள் முன்னாடி தான் திறப்பாங்க, அந்த தேதிய ஃபோன்ல அலாரம் வச்சுக்கோங்க. கிடைக்கலன்னா காத்திருப்பு லிஸ்ட்ல பேர் குடுங்க, ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி கேன்சல் ஆகி வரும். மூடற நாள பாக்க மறக்காதீங்க, ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல ஊர்ல நல்ல கிச்சன் லீவு, மியூசியமும் திங்கள் பல எடத்துல மூடியிருக்கும், பாரிஸ்ல இருக்கற லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை. இத்தாலில ஆகஸ்ட் 15ஐ ஒட்டி குடும்பமா நடத்தற ரெஸ்டாரண்ட் நிறைய ரெண்டு மூணு வாரம் பூட்டிடுவாங்க, பாரிஸ்லயும் ஆகஸ்ட்ல அப்படித்தான்.

ரூமுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். வேலை விஷயமா ஆளுங்க வர்ற ஊர்னா, ஆபீஸ் ஏரியா ஹோட்டல் வெள்ளி சனி ராத்திரி காலியா இருக்கும், விலை குறையும், சுத்திப்பாக்க வர்ற ஊர்னா நேர் எதிர். ரெண்டுலயுமே ஞாயிறு ராத்திரி மலிவு, திங்கள் காலைல கிளம்ப முடிஞ்சா அத பிடிங்க. வெயில் காலத்துல பழைய கட்டடத்துல ஏசி இருக்கான்னு ரூம் விவரத்துலயே படிச்சு உறுதி பண்ணுங்க, ஹோட்டல்ல ஏசி உண்டுன்னு போட்டிருக்கும், அது ரிசப்ஷன்ல மட்டும் இருக்கும். மத்தியானம் வந்து தூங்கறது தான் நம்ம பிளானோட முதுகெலும்பு, அதனால லஞ்ச் எடத்துல இருந்து பதினஞ்சு இருபது நிமிஷத்துல திரும்பற தூரத்துல ரூம் வேணும், ஊருக்கு வெளில மலிவா கிடைக்குதுன்னு போனா அந்த தூக்கம் போச்சு.

பாட்டில் வாங்கினா கார்ல விட்டுட்டு மட்டும் போகாதீங்க. வெயில்ல நிறுத்தின கார் உள்ள 50 டிகிரிய தாண்டும், ஒயின் வெந்துபோகும், கார்க் வெளில தள்ளி வழியும், அவ்ளோ ஆசையா தேடி வாங்கினது அரை நாள்ல பாழ். கடைசி நாள் காலைல வாங்கறது நல்லது, இல்ல கடைலயே வச்சிருக்க சொல்லி கிளம்பறப்போ எடுத்துக்கோங்க. ஃபிளைட்னா ஹேண்ட் பேக்ல 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்கங்கறது பெரும்பாலான ஏர்போர்ட்ல இன்னும் விதி, செக் இன் பெட்டில தான் போகணும். 24 சதவீதத்துக்கு கீழ இருக்கற ஒயினுக்கு விமான பாதுகாப்பு விதில அளவு கட்டுப்பாடு இல்ல, ஆனா இறங்கற நாட்டோட கஸ்டம்ஸ் அளவு தனி, அத கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துடுங்க. ஒரு பாட்டில் சுமார் ஒன்றே கால் கிலோ இருக்கும், நாலு பாட்டில் வாங்கினா பெட்டில அஞ்சு கிலோ போச்சு. பிளாஸ்டிக் பைல போட்டு கட்டி, துணில சுத்தி, நாலு பக்கமும் துணி இருக்கற மாதிரி பெட்டி நடுவுல வைங்க, ஷூக்குள்ள ஒரு பாட்டில் கச்சிதமா உக்காரும்.

ரூம்ல பாதி குடிச்சு மீந்தது இருந்தா, வெள்ளையோ சிவப்போ, மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாள் தாங்கும், சிவப்ப மட்டும் குடிக்கறதுக்கு அரை மணி முன்னாடி வெளில எடுங்க. வீட்டுக்கு கொண்டு வந்தத ஃப்ரிட்ஜ் மேலயோ அடுப்பு பக்கத்துலயோ வைக்காம வீட்டுலயே குளிர்ச்சியா இருட்டா இருக்கற அலமாரில படுக்க வைங்க, டேஸ்டிங் அன்னிக்கு எழுதின அந்த ரெண்டு வார்த்தைய சின்ன பேப்பர்ல எழுதி பாட்டில் கழுத்துல கட்டிடுங்க, ஆறு மாசம் கழிச்சு திறக்கறப்போ முதல் வாய் குடிச்சுட்டு அப்பறம் அந்த பேப்பர பிரிச்சு பாருங்க.